பணம் திரும்பிவிட்டது, நான் திரும்பவில்லை

கேள்வி:

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 46. சோமனூர் பக்கம் பன்னிரண்டு தறி ஓட்டுகிறேன். சொந்தமாக நூல் வாங்கிக் காடாத் துணி நெய்து விற்கிறவன். எங்கள் சபையில் ஒன்பது வருடமாகப் பொருளாளர். 2022 கோடையில் நூல் விலை தாறுமாறாக ஏறியபோது மில்லுக்குக் கட்டப் பணம் புரளவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் 60,000 ரூபாய், கட்டட நிதிக்கென்று என் பீரோவில் இருந்தது. எடுத்துக் கட்டிவிட்டேன். எழுபது நாளில் திரும்ப வைத்துவிட்டேன். கணக்கு சரியாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரிக்குக்கூட.

அன்றிலிருந்து திருவிருந்து (ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமும்) எடுப்பதில்லை. அந்த நேரத்தில் காணிக்கை எண்ணுகிறேன் என்று கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆரம்பத்தில் ஏதாவது அடி விழும், தறிக் குடோன் எரியும், பிள்ளைக்கு ஒன்று ஆகும் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வியாபாரம்கூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்கப்புறம்தான் மனசு வேறு மாதிரி போய்விட்டது. கேட்பதற்கு மேலே ஆள் இல்லையோ? சின்ன வயதிலிருந்து சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தோமோ? ஜெபம் வாயில் வருகிறது, நெஞ்சில் ஒட்டவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பணப்பை வைத்திருந்த யூதாஸ் ஞாபகமாகவே இருக்கிறது. சில நாள் விடிந்து கண் முழிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. இனி எனக்கு வழி உண்டா?

பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்

பதில்:

தம்பி,

உங்கள் கடிதத்தைக் கடைசியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கண் முழிக்காமல் போனால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகவே கேட்கிறேன்: செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி, எதை வைத்து என்கிற அளவுக்கு யோசனை போயிருக்கிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நான் கேட்டுப் பார்த்தவரை, கேட்டதும் பெருமூச்சு விட்டு அழுதவர்கள்தான் அதிகம்.

அந்த அளவுக்குப் போயிருக்கிறது என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். இல்லை, அது அலுப்பில் வந்த வார்த்தை என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கோவை அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

ஆத்தும விஷயத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்பீர்கள். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே விழிப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்காமல், அந்த நேரத்தில் மனம் மிகவும் கனத்துக் கிடப்பது மனச்சோர்வு நோயின் அடையாளங்களில் ஒன்று. பசி குறைவது, பிடித்த காரியத்தில் நாட்டம் விட்டுப்போவது, எல்லாம் என் தப்பு என்று உள்ளே அரைத்துக்கொண்டே இருப்பது, இவையும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோயாகத்தான் பார்ப்பார்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், நாலாம் நாளே பிரயோஜனமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிவிட்டுக் கோயிலுக்கு வரும் பெரியவர்களே, மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் ‘விசுவாசம் எங்கே போச்சு?’ என்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று கேட்டது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். மனுஷன் தூங்கிவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் காட்டினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்றான். ‘எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?’ என்ற கேள்வி, அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. நீங்களும் முதலில் சாப்பிட்டுத் தூங்குகிற வழியைப் பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம்.

தறிக்காரரிடம் பேசுவது எனக்குச் சுலபம். எங்கள் அப்பா கருமத்தம்பட்டிப் பக்கம் நாலு தறி கூலிக்கு ஓட்டியவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தார் சுற்றுவது என் வேலை. ஊடை, அதாவது குறுக்கு இழை, அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி ஊடை இழையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும், இழை இல்லையென்றால் தறி டக்கென்று நின்றுவிடும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால்? நம் சாதா விசைத்தறி நிற்காது. ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று போனால் அதற்கென்ன தெரியும்? அதே சத்தத்தோடு ஓடும், துணியும் சுருண்டுகொண்டே இருக்கும்.

அப்பா தறிக்கு முன்னால் நின்று, நெய்து வருகிற துணியின் மேல் உள்ளங்கையை மெதுவாக நகர்த்துவார். கண் வேறெங்கோ இருக்கும், வாயில் வெற்றிலை இருக்கும். ஓரிடத்தில் கை நின்றுவிடும். ‘டேய், பல்பைப் பிடி’ என்பார். துணிக்குக் கீழே வெளிச்சத்தைக் கொண்டுபோனால் மயிரிழை மாதிரி ஒரு கோடு, நீளவாக்கில் போய்க்கொண்டிருக்கும். எத்தனை மீட்டருக்கு முன்னால் அது தொடங்கியது என்று சுருளைப் பிரித்தால்தான் தெரியும். பிரித்துப் பார்க்கும்போது அப்பா திட்டமாட்டார், அதுதான் இன்னும் பயமாக இருக்கும். தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, துண்டு நூல் முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து இழுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்.

நீங்கள் பணத்தை எடுத்த அன்று தறி டக்கென்று நிற்கும் என்று எதிர்பார்த்தீர்கள். நிற்கவில்லை. தறி ஓடுகிறதே, அப்படியானால் தறிக்காரன் என்று ஒருவன் இல்லையோ என்று இப்போது கேட்கிறீர்கள். உங்கள் சந்தேகம் இந்த இடத்தில் பிறந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் காத்திருந்தது வாரவட்டிக்காரர் மாதிரி ஒரு கடவுளுக்கு. தவணை தப்பினால் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறவர், பிள்ளையின் மேல் கை வைக்கிறவர். அவர் வரவில்லை. அப்படி ஒருவர் வராமல் போனதற்காக வருத்தப்படலாமா, தம்பி? ரோமர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் சொல்வது வேறு கதை: ‘தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறதென்று அறியாமல்’ அவருடைய பொறுமையை அசட்டை பண்ணுகிறாயோ என்று கேட்கிறார். அடி விழாத இந்த மூன்று சொச்சம் வருடத்தைப் பவுல் தயவின் கணக்கில்தான் எழுதுவார். மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது நோயாக இருக்கலாம் என்றேன். அந்த நேரத்தில் துணியைத் தடவிப் பார்க்கும் கை ஒன்றும் இருக்கிறது என்று சேர்த்தே நம்புகிறேன். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாது.

எல்லாச் சந்தேகத்துக்கும் இதே காரணத்தைச் சொல்லிவிட மாட்டேன். ‘உன் சந்தேகத்துக்குப் பின்னால் ஏதோ பாவம் இருக்கிறது’ என்று கேட்கிற பிள்ளைகளை எல்லாம் மடக்குகிற பழக்கம் நம் சபைகளில் உண்டு, அது அநியாயம். யோசித்துப் படித்துக் கேள்வி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாவுக்குப் பிறகு கேள்வி வருகிறவர்கள் இருக்கிறார்கள். யோவான்ஸ்நானகனைப் பாருங்கள். இயேசுவை ஊருக்கே சுட்டிக்காட்டியவர், சிறைக்குள் போனதும் ‘வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?’ என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், போய்ச் சொல்லுங்கள் என்றார். வந்தவர்கள் போன பிறகுதான் ஜனங்களைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் இவனைவிடப் பெரியவன் இல்லை என்று யோவானைப் பற்றிச் சொல்கிறார். சந்தேகப்பட்டு ஆள் அனுப்பிய அதே நாளில். ஆகையால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், சுவரோடு பேசுகிறேனா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இப்போது யூதாஸ். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உறுத்திய வரி அது. இந்த ஒப்பீட்டை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், நாம் கடைசி வரை போய்ப் பார்க்கலாம். யூதாஸிடம் பணப்பை இருந்தது, சரி. மத்தேயு 27-ல் அவன் என்ன செய்கிறான்? மனஸ்தாபப்படுகிறான். முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுபோகிறான். ‘பாவஞ்செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்கிறான். யோசித்துப் பாருங்கள், பணமும் திரும்பிவிட்டது, அறிக்கையும் ஆகிவிட்டது. ஆனால் யாரிடம் போய்ச் சொன்னான்? பிரதான ஆசாரியரிடம். அவர்கள், ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்றார்கள். காசை ஆலயத்தில் எறிந்துவிட்டுத் தனியாகப் போனான். அதற்குமேல் உங்களுக்குத் தெரியும்.

அதே ராத்திரி பேதுருவும் விழுந்தார். சின்ன விழுகை இல்லை, சபித்துச் சத்தியம் பண்ணி ‘அந்த மனுஷனை அறியேன்’ என்றார். வெளியே போய் மனங்கசந்து அழுதார். அப்புறம்? மற்ற சீஷர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டார். அவ்வளவுதான். பெரிய விசுவாச வீரம் ஒன்றும் அதில் இல்லை. அவர்களோடு கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார், அவர்களோடு மீன் பிடிக்கப் போனார், ராத்திரி முழுவதும் ஒரு மீனும் கிடைக்காமல் அவர்களோடு முழித்திருந்தார். யூதாஸ் அந்த வாசலுக்கு வந்து தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த அரண்மனை முற்றத்தில். இன்னொன்று, விடியற்காலையில் திபேரியா கடற்கரையில். அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு வயிறு கலங்கியிருக்கும். அங்கேயும் இயேசு முதலில் ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்றுதான் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்த பிறகுதான் ‘என்னை நேசிக்கிறாயா?’ என்ற கேள்வி, மறுதலிப்பின் கணக்குக்கு மூன்று தரம். மற்றவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள்.

நீங்கள் பணத்தைத் திரும்ப வைத்தீர்கள். ஆனால் தனியாக எடுத்தது போலவே தனியாக வைத்தீர்கள். பீரோவுக்கும் உங்களுக்கும் நடுவே முடிந்துபோன விவகாரம். சபைப் பணம் சபைக்குத் தெரியாமல் போய்ச் சபைக்குத் தெரியாமலே திரும்பியது. கோடு இன்னும் துணியில் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லப் பிரியமில்லைதான். தாராபுரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமச் சபையில் இருந்தேன், வயது முப்பது ஆகவில்லை. ஒரு கார்த்திகை மாத ராத்திரி, நல்ல மழை. சைக்கிளில் மூன்று கிராமம் சுற்றி வந்து அப்போதுதான் படுத்தேன். கதவைத் தட்டி ஒரு பையன், தலையில் கோணிச்சாக்கு, கையில் டார்ச். ‘அப்பாருக்கு முடியலீங்க, ஐயாவைப் பாக்கோணுங்கறாருங்க.’ காலையில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார். அடக்கத்துக்கு முன்னால் வீட்டார் கேட்டபோது, சேதி எனக்கு விடிந்துதான் வந்தது என்று சொன்னேன். பொய் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பதினோரு வருடம் அதை வைத்துக்கொண்டு ஊழியம் செய்தேன். பிரசங்கம் நன்றாகத்தான் போனது, தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு நொடி கால் நிற்கும். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒருநாள் பெரியவரின் மகனைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீக்கடைக்குக் கூட்டிப்போய், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் நிதானமாக, ‘தெரியுமுங்கையா’ என்றார். ‘அன்னைக்கு வந்த பையன் எங்க பெரியப்பன் பேரனுங்க.’ அப்படியானால் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். ‘எங்கம்மா கேக்க வேண்டாம்னு சொல்லிருச்சுங்க. ஐயா ஒரு நா அவரே வந்து சொல்லுவாருன்னுச்சு.’ அப்புறம், ‘டீயைக் குடிங்க, ஆறிப்போகுது’ என்றார். அந்த அம்மா அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே காலமாகியிருந்தார். அவரிடம் நான் சொல்லவே இல்லை.

அதனால் உங்களைத் தள்ளிப்போட விடமாட்டேன். முதலில் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. மூன்று மணிக்கு நீங்கள் எழுந்து உட்காருவது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அவர் வேறு என்னென்னவோ கற்பனை பண்ணிப் பயந்துகொண்டிருப்பார். அடுத்து உங்கள் ஆயர். அதற்கடுத்து, அவர் கூட இருக்க, சபை நிர்வாகம் பார்க்கும் பாஸ்டரேட் கமிட்டி. ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை, நான் அதை ஆதரிப்பதும் இல்லை. யாருடைய பணமோ அவர்கள் சார்பில் பொறுப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும். கூடவே பொருளாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் இருக்கிறது: ஒப்புவிக்கப்பட்டதில் மோசம் செய்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். உங்கள் 60,000-க்கு அது 12,000. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார், அது அவராகச் சொன்னது, உங்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த 12,000 மன்னிப்புக்கு விலை என்று நினைத்தால் கொடுக்கவே வேண்டாம். எழுபது நாள் மற்றவர்களின் பணம் உங்கள் நூலில் ஓடியது, அதற்கான நியாயம் இது. முடிந்தபோது, ரசீது போட்டுக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப வைத்துவிட்டால் சட்டப்படி ஒன்றுமில்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்தினாலும் அது கையாடல்தான் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. பயமாக இருந்தால் நம்பகமான ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறைப்பதற்கு வழி கேட்கப் போகாதீர்கள். கமிட்டியில் ஒருத்தர் இரண்டு பேர் கடுமையாகப் பேசலாம். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர்களும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒன்பது வருடம் ஒரே ஆளைப் பொருளாளராக வைத்து, ரொக்கத்தை அவர் வீட்டுப் பீரோவில் விட்டது யார்? ஏலம் முடிந்த மறுநாளே இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு வங்கியில் கட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இது உங்கள் தப்பைக் குறைக்கச் சொல்வது இல்லை. உங்கள் ஆயர் இதைப் படித்தால் அவருக்காக. கமிட்டியில் யாரும் ‘அது உன்பாடு’ என்று சொல்லிவிடாமல் அவர் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நீங்கள் எழுதாத பயம் ஒன்று இருக்கும், எனக்குத் தெரியும். ஊரில் நம் வீடு நாலே நாலு, வெளியே தெரிந்தால் ‘வேதக்காரன் யோக்கியதையைப் பார்’ என்பார்கள், சாட்சி கெட்டுப்போகும். கொங்கு கிராமத்தில் வளர்ந்தவனுக்கு இது சாதாரண பயம் இல்லை. ஆனால் 1830-ல் லண்டன் மிஷன் மிஷனரி ஆடிஸ் கோவைக்கு வந்த நாளிலிருந்து இங்கே சபை என்னென்னவோ பார்த்துவிட்டது. உங்கள் 60,000 ரூபாயில் அது கவிழ்ந்துவிடாது.

திருவிருந்தைப் பற்றி. ‘அபாத்திரமாய்’, அதாவது தகுதியில்லாமல், என்ற சொல்லுக்குப் பயந்து விலகி இருக்கிறீர்கள். அந்தச் சொல் வருகிற 1 கொரிந்தியர் 11-ல் பவுல் எதற்குக் கோபப்பட்டார் என்று அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். வசதியானவர்கள் முந்திக்கொண்டு தின்று குடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள், அதற்குத்தான். ‘அபாத்திரமாய்’ என்று எச்சரித்ததற்கு அடுத்த வசனம் ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து’ என்று போகிறது. சோதித்தறிந்து வெஸ்ட்ரிக்குப் போகக்கடவன் என்று இல்லை. வீட்டிலும் ஆயரிடமும் சொல்லிவிட்ட பிறகு வருகிற முதல் திருவிருந்துக்குப் போங்கள். மனசு லேசாகட்டும், அப்புறம் போகிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் மனசு உடனே லேசாகாமல் போகலாம். எனக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் கொஞ்சம் தென்னை இருக்கிறது. மழை பொய்த்த வருடம் மரம் பச்சையாகத்தான் நிற்கும். நல்ல மழை பெய்து, கிணறு நிரம்பி, அப்பாடா என்று உட்காரும்போது குலை ஒல்லியாக வரும், குரும்பை கொட்டும். முதல் தடவை பார்க்கிறவன் உரத்தைக் குறை சொல்வான். பாளை மரத்துக்குள்ளே கருவாகிற நாளிலிருந்து தேங்காய் முற்ற ஏறக்குறைய 44 மாதம் ஆகிறது. இன்றைக்கு இறங்கும் காய் பழைய வறட்சியைத்தான் காட்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் உங்கள் ஜெபம் ஒரு வருடம் காய்ந்து கிடந்தால், மன்னிப்பு கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் பாய்ச்சுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

அன்னை தெரசா 1997-ல் காலமாகிப் பத்து வருடம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் தேவனை உணராமலேயே ஜெபித்து வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்து பலர் திகைத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு ஒரு ஜாக்கிரதையும் சொல்கிறேன்: உங்கள் இருட்டை அவருடைய இருட்டோடு சேர்த்துப் பெருமைப்படுத்திக்கொள்ளாதீர்கள். உங்களுடையதில் ஒரு பங்குக்குக் காரணம் பீரோவில் இருந்தது.

நாற்பது நாள் உபவாசம், ராத்திரி முழு ஜெபம் என்று பொருத்தனை எதுவும் பண்ண வேண்டாம். சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது இப்போது உங்களுக்கு விஷம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து உட்கார்ந்து 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்றுதான் தொடங்கும். அதன் கடைசி வரிகள் நெஞ்சில் ஒட்டவில்லை என்றால் 88-க்குப் போங்கள். அதில் கடைசி வரை வெளிச்சமே வராது, எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடும். அப்படி ஒரு பாட்டையும் வேதத்துக்குள்ளே வைத்திருக்கிறார்கள். வார்த்தையே வராத நாளில், பிசாசு பிடித்த மகனைக் கூட்டிவந்த தகப்பன் சொன்னதை மட்டும் சொன்னால் போதும்: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். மகன் சுகமானான்.

வீட்டுக்காரம்மாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாவிட்டால், இந்தப் பதிலையே கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுந்து குடோனுக்குப் போய்விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஆயரைப் பார்க்கப் போகும்போது வெஸ்ட்ரிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போங்கள். திருவிருந்து ஞாயிறன்று காணிக்கை எண்ண வேறு இரண்டு பேரை வைக்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள்.